அச்சின் வெடிப்பும் பிழையின் பாடமும்



மொழியியலைக் கற்பித்து ஓய்வுபெற்ற நாம் இன்று அமெரிக்க நாட்டின் பழைய நாணயங்களைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். நாணயங்களிலும் அவற்றின் அழகைப் பேசப் போவதில்லை. அவற்றில் காணப்படும் வெடிப்பு, வழு, எழுத்துப்பிழை ஆகியவற்றையே பேசப் போகிறோம். பணி ஓய்வுக்குப் பின் உருப்பெருக்கிக் கண்ணாடியும் கையுமாக இத்துறையில் நாம் புகுந்தபோது, நாற்பதாண்டுக் காலம் மாணவர் தாள்களைத் திருத்திய நம் கைக்கே ஒரு திருத்தம் கிடைத்தது. அதனை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இவ்வுரையின் நோக்கம்.

அச்சு வெடிப்பது ஏன்?

அமெரிக்கக் கூட்டரசின் நாணயச்சாலை 1792ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் நிறைவேறிய சட்டத்தின்படி ஃபிலடெல்ஃபியா நகரில் அமைந்தது. நாணயச்சாலையை நம் முன்னோர் அக்கசாலை என்றனர். அங்கு 1793 மார்ச் மாதத்தில் முதன்முதலாகப் புழக்கத்துக்கென அடிக்கப்பட்ட செப்பு சென்ட்டுகள் 36,103. அவற்றின் பின்புறத்தில் பதினைந்து கண்ணிகள் கொண்ட சங்கிலி ஒன்று பொறிக்கப்பட்டிருந்தது. மாநிலங்களின் ஒற்றுமையைக் குறிக்கவே அது பொறிக்கப்பட்டது. விடுதலையைப் போற்றும் நாட்டின் காசில் சங்கிலியா என்று மக்கள் முகம்சுளித்தனர். அவற்றுள் முதல் அச்சில் உருவானவற்றில் நாட்டின் பெயரே முழுமையாக இல்லை. இடம் போதாமையால், ‘அமெரிக்கா’ என்னும் சொல்லின் இறுதி எழுத்துகளை விட்டுவிட்டு ஒரு புள்ளியோடு முடித்துவிட்டார் அச்சு செதுக்கியவர்.

அக்காலத்தில் அச்சு செய்யப்பட்ட முறையை அறிந்தால்தான் வெடிப்பின் இயல்பு விளங்கும். எஃகுத் துண்டு ஒன்றைக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டு மென்மையாக்குவர். அதன்மேல் உருவத்தையும், எழுத்துகளையும், எண்களையும் தனித்தனி முளைகளால் அடித்துப் பள்ளமாகப் பதிப்பர். நாணயத்தில் இடமிருந்து வலமாக வரவேண்டியதை அச்சில் வலமிருந்து இடமாகப் பதிக்க வேண்டும். பதித்து முடித்ததும் அதே எஃகைச் செந்நிறமாகக் காய்ச்சிச் சட்டெனக் குளிரவைத்துக் கடினமாக்குவர். பின்னர் முகப்பச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே வெற்றுச் செப்புத் தகட்டை வைத்துத் திருகு பொறியால் அழுத்துவர். ஃபிலடெல்ஃபியாவில் நீராவிப் பொறி பயன்பாட்டுக்கு வந்தது 1836இல்தான். அதுவரை மனிதக் கைகளே அப்பொறியை இயக்கின.

கடினமாக்கிய எஃகு நொறுங்கும் தன்மையும் உடையது. காய்ச்சிய பதம் சிறிது பிசகினாலும், குளிரவைத்தபோது ஒரு பக்கம் முந்திக்கொண்டாலும், எஃகினுள்ளேயே மாசு இருந்தாலும், ஆயிரக்கணக்கான அழுத்தங்களைத் தாங்க மாட்டாமல் அச்சில் மயிரிழை போன்ற வெடிப்பு தோன்றும். புதிய அச்சு செய்ய நல்ல எஃகும் வேண்டும், தேர்ந்த கைவினைஞரும் வேண்டும். தொடக்க ஆண்டுகளில் இரண்டுக்கும் தட்டுப்பாடு. ஆகவே வெடித்த அச்சை உடனே ஒதுக்கிவிடவில்லை. அது தாங்குமட்டும் அடித்துக்கொண்டே இருந்தனர்.

மேடும் பள்ளமும்

நாணயத்தைக் கண்ணாடியில் பார்க்கத் தொடங்கும் எவரும் முதலில் கற்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு. கோடு மேடாக இருக்கிறதா, பள்ளமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அச்சில் விழுந்த வெடிப்பு ஒரு பள்ளம். அழுத்தும்போது செம்போ வெள்ளியோ அப்பள்ளத்துள் புகுவதால் நாணயத்தில் அது மெல்லிய மேட்டுக்கோடாகத் தோன்றும். நாணயம் வெளியே வந்தபின் ஆணியோ கத்தியோ பட்டு விழுந்த கீறல் நாணயத்திலேயே பள்ளமாக இருக்கும். அச்சின் விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்து விழுந்துவிட்டால் அவ்விடத்தில் எழுத்தோ உருவமோ இன்றி உலோகம் வெறுமனே புடைத்து நிற்கும்.

வெடிப்பு அச்சுக்கு உரியது. ஆகவே அவ்வச்சில் அதன்பின் பிறந்த ஒவ்வொரு நாணயத்திலும் அது வரும். நியூ ஆர்லியன்ஸ் நாணயச்சாலையில் அடிக்கப்பட்ட 1888ஆம் ஆண்டு வெள்ளி டாலர்களுள் ஒருவகையில், விடுதலை மங்கையின் முகத்தின் குறுக்கே பெரிய வெடிப்பு ஓடுகிறது. நாணயம் திரட்டுவோர் அதற்கு ‘வடுமுகம்’ என்னும் பொருள்படப் பெயரிட்டுள்ளனர். அந்த வடு ஒரு நாணயத்துக்கு நேர்ந்த விபத்தன்று. அந்த அச்சில் பிறந்த உடன்பிறப்புகள் பலவற்றின் முகத்திலும் அதே வடு அதே இடத்தில் உண்டு. கீறல் அத்தகையதன்று. ஒரு நாணயத்தின் கீறல் மற்றொன்றில் இராது.

1955ஆம் ஆண்டு சென்ட் ஒன்று இதற்கு மற்றொரு சான்று. அக்காலத்தில் மேட்டுருவம் கொண்ட மூல அச்சை எஃகின்மேல் ஒரு முறைக்கு மேல் அழுத்தியே நாணய அச்சு உருவாக்கப்பட்டது. ஃபிலடெல்ஃபியாவில் ஓர் அச்சுக்கு இரண்டாம் முறை அழுத்தும்போது உருவம் சிறிது திரும்பிவிட்டது. எனவே ஆண்டும் எழுத்துகளும் வெறுங்கண்ணுக்கே இரட்டை இரட்டையாகத் தெரியும் சென்ட்டுகள் பிறந்தன. பிழை தெரியவந்தபோது அவை ஏனைய காசுகளோடு கலந்துபோயிருந்தன. பிரித்தெடுப்பது பெரும்பாடு என்று அப்படியே வெளியிட்டுவிட்டனர். 20,000க்கு மேற்பட்டவை மக்கள் கைக்குச் சென்றன. அத்தனையிலும் இரட்டிப்பு ஒரே அளவில், ஒரே கோணத்தில் இருக்கிறது. ஏனெனில் பிழை நேர்ந்தது ஒரே ஒரு முறைதான், அச்சு செய்தபோது.

ஆசிரியப் பெருமக்கள் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டுகிறோம். பிட் கார்டர் என்னும் மொழியியலறிஞர் 1967இல் எழுதிய கட்டுரையில், மொழி கற்போரின் வழுக்களை இருவகையாகப் பிரித்தார். களைப்பாலோ மறதியாலோ விழும் தவறு ஒருவகை. கற்பவர் தம் மனத்துள் அமைத்துக்கொண்ட விதியிலிருந்து பிறப்பது மற்றொரு வகை. முன்னதைக் கீறல் என்றும் பின்னதை அச்சின் வெடிப்பு என்றும் நாம் கொள்ளலாம். ‘வந்தான்’ என்பதில் ஒரு மாணவர் ஒருமுறை கால் போட மறந்தால் அது கீறல். ‘முயற்சி’ என்பதை எங்கு எழுதினாலும் ‘முயற்ச்சி’ என்றே எழுதுவாராயின் அது வெடிப்பு. வல்லினம் இரட்டிக்கும் என்று நாம் கற்பித்த விதியை அவர் எல்லைமீறிப் பின்பற்றுகிறார். அங்கே ஒரு விதி வேலை செய்கிறது.

எழுத்து பொறித்தவரின் கை

அச்சு செதுக்குவோரும் எழுத்தில் தவறினர். 1796ஆம் ஆண்டு சென்ட் அச்சு ஒன்றில், விடுதலையைக் குறிக்கும் ‘லிபர்ட்டி’ என்னும் ஆங்கிலச் சொல்லின் ‘பி’ எழுத்தைத் தலைகீழாகப் பதித்துவிட்டார் ஒருவர். தவற்றை உணர்ந்து அதன்மேலேயே நேராக மீண்டும் பதித்தார். இரண்டும் கலந்து ‘எச்’ எழுத்துப்போல் ஆகிவிட்டது. எனவே ‘லிஹர்ட்டி’ என்று படிக்கத்தக்க சென்ட் ஒன்று உலகுக்குக் கிடைத்தது.

1801ஆம் ஆண்டின் பின்னச்சு ஒன்று இதனையும் விஞ்சியது. அதில் மூன்று வழுக்கள் உள்ளன. ஒரு டாலரில் நூறில் ஒரு பங்கு என்பதைக் குறிக்கும் பின்னம் 1/100 என்றிராமல் 1/000 என்று இருக்கிறது. இலைமாலையின் இரு காம்புகளுள் இடக்காம்பைக் காணோம். ‘யுனைட்டட்’ என்னும் சொல்லின் முதலெழுத்தாகிய ‘யு’ தலைகீழாகப் பதித்துத் திருத்தப்பட்டதால் இரண்டு ‘ஐ’ எழுத்துகளாகத் தோன்றுகிறது.

இவற்றைக் கண்டு நகைப்பது எளிது. எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி, ஒவ்வொரு முளையாகக் கையில் எடுத்துப் பதிக்கும் வேலையை எண்ணிப் பார்த்தால், எந்த எழுத்து தவறும் என்பதற்கும் காரணம் புலப்படும். தலைகீழாக்கினாலும் எழுத்துப்போலவே தோற்றம் தருபவைதாம் கையை ஏமாற்றின. எழுத்துகள் தனித்தனியாகப் பதிக்கப்பட்டன என்பதற்கு இப்பிழைகளைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. பிழையற்ற நாணயம் தன்னைச் செய்த முறையை மறைத்துக்கொள்கிறது. பிழையுற்ற நாணயமே அதனைக் காட்டிக்கொடுக்கிறது.

வரிசையை அறிவிக்கும் வெடிப்பு

வெடிப்பின் மிகப் பெரும் பயன் காலவரிசையை அறிவிப்பதே. வெடிப்பு வளரும், மீண்டும் ஒட்டாது. விளிம்பருகே ஓர் எழுத்தைத் தொட்டு நிற்கும் கோடு உடைய நாணயம் முந்தியது. அக்கோடு நடுவுருவத்தைக் கடந்து மறுவிளிம்பைத் தொட்டதாயின் அது பிந்தியது. சில்லு பெயர்ந்து விழுந்த நிலை கடைசியானது. இவ்வாறு, ஒரே நாளில் அடிக்கப்பட்ட காசுகளைக்கூட முன்பின்னாக அடுக்கிவிடலாம். ஒரு முகப்பச்சு இரு வேறு பின்னச்சுகளோடு சேர்த்துப் பயன்பட்டிருந்தால், எந்த இணை முந்தியது என்பதையும் முகப்பச்சின் வெடிப்பே சொல்லிவிடும். வில்லியம் ஷெல்டன் 1949இல் வெளியிட்ட தொடக்ககால சென்ட் பற்றிய நூல், 1793 முதல் 1814 வரையிலான செப்பு சென்ட்டுகளை அச்சுவாரியாகப் பிரித்து எண்ணிட்டது. இன்றும் நாணயம் திரட்டுவோர் அவ்வெண்களையே ஆள்கின்றனர். அவ்வகைப் பகுப்பில் வெடிப்பும் வழுவும் முதன்மையான அடையாளங்கள்.

நாணயத்தில் பொறித்துள்ள ஆண்டே இருக்க, வெடிப்பும் வழுவும் எதற்கு என்று கேட்கலாம். ஆண்டு பொய்க்கும். நாணயச்சாலையின் கணக்கு 1804இல் 19,570 வெள்ளி டாலர்கள் அடிக்கப்பட்டதாகச் சொல்கிறது. அவை முந்திய ஆண்டுகளைத் தாங்கிய பழைய அச்சுகளால் அடிக்கப்பட்டவை. 1804 என்று பொறித்த டாலரோ முப்பதாண்டுகள் கழித்து 1834 அளவில்தான் முதன்முதல் பிறந்தது. மஸ்கட் சுல்தானுக்கும் சயாம் அரசருக்கும் அமெரிக்கத் தூதுவர் வழியாகப் பரிசளிக்கவென நாணயத் தொகுதிகள் செய்தபோது அதனை அடித்தனர். எரிக் நியூமன், கென்னத் பிரசெட் ஆகிய இருவரும் 1962இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக நிறுவினர். பக்கவாட்டு விளிம்பில் பொறித்த எழுத்துகள் வளையத்துக்குள் அழுந்தி நசுங்கியிருப்பதும் அதற்கான சான்றுகளுள் ஒன்று. அவ்வாறு இறுக்கிப் பிடிக்கும் வளையம் அந்நாணயச்சாலைக்கு 1804க்குப் பல்லாண்டுகள் கழித்தே வந்தது. ஆண்டு ஒன்றைச் சொல்ல, வழு வேறொன்றைச் சொன்னது. வழு சொன்னதே உண்மையாயிற்று.

சுவடி ஆய்வாளருக்கு இம்முறை புதிதன்று. இரு சுவடிகள் ஒரே இடத்தில் ஒரே அரிய பிழையைக் கொண்டிருந்தால் அவை ஒரு தாய்ச்சுவடியின் வழிவந்தவை என்று கொள்வர். சரியான பாடம் எங்கிருந்தும் வரலாம், ஆதலால் அது உறவை நிறுவாது. பிழையே உறவை நிறுவும். அதிலும் யாரும் எளிதில் செய்யக்கூடிய பிழை சான்றாகாது. நம் ஓலைச்சுவடிகளில் மெய்க்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகார வேறுபாடும், ரகரத்துக்கும் காலுக்குமான வேறுபாடும் வரிவடிவில் இல்லை. அங்கு எவர் படியெடுத்தாலும் தவறுவர். நாணயத்திலும் தேய்மானம் எல்லாவற்றுக்கும் பொது, அதனால் அது எதையும் நிறுவாது. வெடிப்பு செல்லும் பாதையோ அச்சுக்கு அச்சு வேறு.

மூன்றுகால் எருமை

1937ஆம் ஆண்டு டென்வர் நாணயச்சாலையில் நடந்த ஒன்றை இனிச் சொல்ல வேண்டும். அக்காலத்து ஐந்து சென்ட் நாணயத்தின் பின்புறத்தில் அமெரிக்கக் காட்டெருமை நிற்கும். நடுவே தகடு இல்லாமல் இரு அச்சுகளும் ஒன்றோடொன்று மோதினால் ஒன்றன் உருவம் மற்றதில் தழும்பாகப் பதிந்துவிடும். அவ்வாறு தழும்பேறிய பின்னச்சு ஒன்றைத் தூய்மையாக்க எண்ணித் தேய்த்தனர். அச்சில் உருவம் பள்ளம் அல்லவா? சுற்றியுள்ள பரப்பைத் தேய்க்கத் தேய்க்கப் பள்ளத்தின் ஆழம் குறைந்தது. தழும்பு போயிற்று, எருமையின் வலது முன்காலும் போயிற்று. குளம்பு மட்டும் தரையில் தனித்து நின்றது. அந்த அச்சால் அடித்த நாணயங்கள் மூன்றுகால் எருமைகளாகவே வெளிவந்தன.

முதன்முதல் அந்நாணயத்தின் படத்தைக் கண்டபோது நமக்கு நினைவுக்கு வந்தது ஒரு மாணவியின் கட்டுரை ஏடு. நாம் உயர்நிலைப் பள்ளியொன்றில் தமிழ் கற்பித்த இளம்பருவம் அது. பாட்டியோடு சந்தைக்குச் சென்ற நாளைப் பற்றி அம்மாணவி மூன்று பக்கம் எழுதியிருந்தார். அதில் நாம் இட்ட சிவப்பு வட்டங்கள் பதினேழு. ‘கிளம்பினோம்’ என்பதைக் ‘கிழம்பினோம்’ என்று எழுதியிருந்தார். வீட்டில் பழத்தைப் ‘பளம்’ என்று சொல்லி, வகுப்பில் திருத்தம் பெற்றவர் அவர். எனவே ளகரம் வந்த இடமெல்லாம் ஐயுற்று ழகரமாக்கிவிட்டார். ஒரே ஐயம் பல சொற்களில் வெளிப்பட்டிருந்தது. மிகுதிப் பிழைகளும் இரண்டொரு காரணத்துள் அடங்குவனவே. பதினேழு வட்டங்களுக்கு அடியில் இருந்த வெடிப்புகள் மூன்றுதாம். நாம் வெடிப்பைக் காணவில்லை, காசுகளை எண்ணினோம்.

அடுத்த கட்டுரை அரைப் பக்கமே வந்தது. ‘கிளம்பினோம்’ என்பதற்குப் பதில் ‘போனோம்’ என்று இருந்தது. ழகர ளகரம் வரும் சொற்களை இயன்றவரை தவிர்த்திருந்தார். பாட்டியும் இல்லை, சந்தையும் இல்லை. பிழை இரண்டே இரண்டு. மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டுப் பாராட்டும் எழுதினோம். அன்று நாம் தேய்த்து அழித்தது எதனை என்பது விளங்கப் பல்லாண்டுகளுக்குப் பின் ஒரு மூன்றுகால் எருமை வேண்டியிருந்தது.

திருத்த வேண்டாம் என்று நாம் சொல்வதாகக் கொள்ள வேண்டா. தழும்பேறிய அச்சை அப்படியே விடுவது நாணயச்சாலைக்கு அழகன்று. எங்கே தழும்பு, எங்கே கால் என்று அறியாமல் தேய்த்ததே குற்றம். அம்மாணவியிடம் அன்று செய்திருக்க வேண்டியது எளிய செயல். ழகர ளகரங்களின் ஒலிப்பிடத்தைக் காட்டி, அவர் எழுத்தில் மாறிவந்த சொற்களை அவரையே ஒரு பட்டியலாக எழுதச் செய்து, ஒரே வெடிப்பு எத்தனை இடத்தில் ஓடியிருக்கிறது பார் என்று சொல்லியிருந்தால் போதும். வட்டங்கள் குறைந்திருக்கும், பக்கங்கள் குறைந்திரா.

மெய்ப்பிழையும் பொய்ப்பிழையும்

மூன்றுகால் எருமைக்கு விலை ஏறியதும் போலிகள் தோன்றின. இயல்பான நாணயத்தின் எருமைக் காலை அரத்தால் அராவி நீக்கி விற்க முற்பட்டனர் சிலர். அவற்றை அறியும் வழி ஒன்றுண்டு. மெய்யான மூன்றுகால் நாணயத்தில் எருமையின் வயிற்றுக்குக் கீழே சிறுசிறு மேட்டுப் புள்ளிகள் வரிசையாகத் தரைநோக்கி இறங்கும். அவை அச்சின் பரப்பில் இருந்த குழிகளின் விளைவு. போலி செய்பவர் காலை நீக்கலாம். இல்லாத மேட்டை உண்டாக்குவது அவருக்கு அரிது. ஒரு பிழையின் உண்மைக்கு அதனோடு உடன்பிறந்த பிற பிழைகளே சான்று சொல்கின்றன. நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் நேர்மை என்றும் பொருள் உண்டு என்பதை இங்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

மாணவர்களுக்கும் ஒரு சொல். பிறர் எழுதியதைப் படியெடுத்துப் பிழையற்ற தாளைத் தருவதைவிட, உங்கள் சொந்த வழுக்களோடு கூடிய தாளைத் தருவதே மேல். அதில்தான் உங்கள் அச்சு தெரியும். அச்சு தெரிந்தால்தான் ஆசிரியர் உதவ இயலும்.

‘பிழை’ என்னும் வினைச்சொல்லுக்குத் தமிழில் தவறுதல் என்றும், உயிர்தப்பி வாழ்தல் என்றும் இரு பொருள்கள் உள்ளன. பழைய காசுகளுள் உருக்கப்பட்டவையும் தேய்ந்தழிந்தவையும் எண்ணற்றவை. ‘லிஹர்ட்டி’ காசையும் மூன்றுகால் எருமையையும் யாரோ ஒருவர் உற்றுநோக்கி எடுத்து வைத்தார். பிழைத்தமையால் அவை பிழைத்தன. நம் வகுப்புகளிலும் பிழைசெய்யும் குழந்தை தமிழோடு பிழைத்திருக்க வேண்டும். அதற்கு, சிவப்பு மையைத் தொடுவதற்கு முன் கோடு மேடா பள்ளமா என்று ஒருகணம் பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.